சமாதானக் கூட்டம் வேண்டாம், வழக்குப் பதியச் சொல்லுங்கள்: தமிழ்நாட்டு ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் 38 மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

உங்களில் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. ஒரே ஒரு முறை, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், சித்தப்பாவோடு வரிசையில் நின்று மனு கொடுத்திருக்கிறேன். மனுவை வாங்கிய ஆட்சியர் மரியாதையாகத்தான் பேசினார். முழுசாகப் படித்தார், மேலே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார், நடவடிக்கை எடுக்கச் சொல்கிறேன் என்றார். அந்த மனு அங்கிருந்து எந்தெந்த மேசைக்குப் போனது, கடைசியில் என்னவாகத் திரும்பி வந்தது என்பதிலிருந்துதான் இந்த மடலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எந்த மாவட்டம், எந்த ஊர் என்று சொல்லவில்லை. சித்தப்பா இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்.

சித்தப்பாவுக்கு 58 வயது, கொத்தனார். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது, டீக்கடை ஊருக்குள் பஸ் ஸ்டாப் பக்கத்தில். அந்தக் கடையில் எங்கள் ஆட்களுக்குப் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். நான் சின்னப் பையனாக இருந்தபோது கூரைக் கீற்றில் செருகி வைத்த தனி டம்ளர்கள் இருந்தன, குடித்துவிட்டு நாமே கழுவி மறுபடி செருகிவிட்டு வர வேண்டும். பேப்பர் கப் வந்தபிறகு அந்த டம்ளர்கள் காணாமல் போயின, வழக்கம் மட்டும் போகவில்லை. வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் சுத்தத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பெஞ்சில் யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள், யார் வேப்பமரத்தடியில் நின்று குடிக்கிறார்கள் என்று ஒரு அரை மணி நேரம் கவனித்தால்தான் விஷயம் புரியும்.

அன்றைக்குச் சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் கொடு என்று கேட்டார். ஏன் அன்றைக்குக் கேட்டார் என்று நான் பலமுறை கேட்டும் அவர் சரியாகச் சொன்னதில்லை. பேத்தி கூட இருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கடைக்காரர் கொடுக்கவில்லை, இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா நேராகக் காவல் நிலையம் போனார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகார் வந்தது என்று மட்டும் காட்டுகிற சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ரசீதில் 'டீக்கடையில் வாய்த்தகராறு' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம்.

மனு கோட்டாட்சியருக்குப் போய், அங்கிருந்து தாசில்தாருக்குப் போய், பத்து நாள் கழித்து சமாதானக் கூட்டம் என்று தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் சித்தப்பாவும் நானும் எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்களும். இனிமேல் இப்படி நடக்காது, இரு தரப்பும் ஒற்றுமையாக இருப்போம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சித்தப்பாவும் போட்டார். யோசித்துப் பாருங்கள், அவர் எதை இனிமேல் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார்? டீ கேட்டதையா?

அடுத்த வாரமே மாவு மில்லில் எங்கள் தெரு அரிசியை அரைக்க மறுத்தார்கள், மிஷின் ரிப்பேர் என்று. சித்தப்பாவுக்கு ஊருக்குள் பேசியிருந்த இரண்டு வீட்டு வேலையும் கைமாறிப் போனது. அப்புறம் அவர் மீதே ஒரு புகார் வந்தது, கடையில் தகராறு செய்து கண்ணாடி ஜாடியை உடைத்தார் என்று. அதற்கு மட்டும் உடனே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். எதிர் வழக்கு என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். நீ உன் புகாரை வாபஸ் வாங்கு, நான் என் புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று பேரம் பேசுவதற்காகப் போடுவது அது.

சரி, இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் உட்கார்ந்து படித்தேன். வக்கீல் இல்லை நான், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வந்தது கோபம்தான், ஏனென்றால் இல்லாத சட்டம் என்று எதுவுமே இல்லை. எல்லாம் இருக்கிறது. வரி வரியாக, டம்ளர் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, பொது கேளிக்கை இடம் எதிலும் சாதி, மதம், இனம், பாலினம், பிறந்த இடம் இவற்றைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பொதுவாக அடிப்படை உரிமைகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும் என்பார்கள். இந்தப் பிரிவு அப்படி இல்லை, தனியார் கடைக்காரரையும் நேராகக் கட்டுப்படுத்துகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் நடந்தபோது கடை என்றால் எது எது என்று ஒரு கேள்வி வந்தது. அம்பேத்கர் சொன்ன பதில், தேடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடம் எதுவும் கடைதான் என்பது. மருத்துவரும் வக்கீலும் இதில் வருவார்களா என்றதற்கும் ஆமாம் என்றார். அதே நாளில்தான் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவையும் அந்தச் சபை ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் சலூன், மாவு மில், துணி தேய்க்கிற வண்டி, கல்யாண மண்டபம், எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அன்றைக்கே அடங்கிவிட்டன.

1955இல் வந்த சட்டத்தை இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்கிறோம், 1976இல் திருத்தி இந்தப் பெயர் வைத்தார்கள். அதன் 6ஆம் பிரிவை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். தீண்டாமையை முன்னிட்டு ஒரு பொருளையோ சேவையையோ, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் கொடுக்க மறுப்பது குற்றம். மறுபடி படியுங்கள். டீ கொடுத்துவிட்டேனே, காசு கூட அதே பத்து ரூபாய்தானே என்று கடைக்காரர் சொல்லும் பதில் இந்த வரியின் முன்னால் நிற்காது. அதே இடம் என்றால் அதே பெஞ்ச், அதே நிபந்தனை என்றால் அதே கிளாஸ். 4ஆம் பிரிவில் உணவகங்களில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைவிட முக்கியமானது, ஆனால் காவல் நிலையத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக இப்படி ஒரு செயல் நடந்தது என்று காட்டிவிட்டால், அது தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. அதாவது கடைக்காரர் மனதில் என்ன இருந்தது என்று சித்தப்பா நிரூபிக்கத் தேவையில்லை. எங்களிடம் நிலையத்தில் முதலில் கேட்ட கேள்வியே சாதியைச் சொல்லித்தான் மறுத்தார் என்பதற்கு என்னய்யா சாட்சி என்பதுதான்.

அப்புறம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் இது நேராகவே இருக்கிறது. கடைக்குள், மருத்துவமனைக்குள், பொது இடத்துக்குள் நுழையத் தடுப்பதும், பொதுவில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தத் தடுப்பதும் குற்றம், குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. ஊர் சேர்ந்து ஒதுக்கி வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம், ஆகவே அந்த மாவு மில் ரிப்பேரும் தனி வழக்குதான். முன்ஜாமீன் கிடையாது. எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பூர்வாங்க விசாரணை வைக்கலாம் என்று தீர்ப்பளித்தபோது நாடே கொந்தளித்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் இது, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே அதைச் செல்லும் என்றது. டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இத்தனையும் தெளிவாக இருக்கும்போது சி.எஸ்.ஆர். ரசீதும் சமாதானக் கூட்டமும் எந்தச் சட்டத்தில் இருந்து வந்தன? இந்தக் குற்றங்கள் இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற பட்டியலிலேயே இல்லை.

நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சட்டம் ஒழுங்கு. வழக்குப் போட்டால் ஊர் ரெண்டுபடும், கலவரம் வரும், அதனால்தான் முதலில் பேச வைக்கிறோம். இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. கலவரம் வந்தால் முதலில் எரிவது எங்கள் தெருதான், எங்களுக்கு அந்தப் பயம் உங்களைவிட அதிகம். ஆனால் எங்கள் ஊரில் சமாதானக் கூட்டத்துக்குப் பிறகுதானே மாவு மில் மூடியது, எதிர் வழக்கு வந்தது? கூட்டத்தில் அவர்கள் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று, அரசாங்கம் இதை வழக்காக எடுக்காது என்பது. அது தெரிந்தபிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

வழக்குப் போட்ட இடங்களைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிக் குழந்தைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள், ஊரில் கட்டுப்பாடு இருக்கிறது, இனி உங்கள் தெருவுக்குத் தின்பண்டம் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் குழந்தைகள் ஒன்றும் புரியாமல் நிற்கிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. அங்கே சமாதானக் கூட்டம் நடத்தவில்லை. கைது செய்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள், அதோடு நிற்காமல் வன்கொடுமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் கையில் எடுத்து நீதிமன்றம் போனார்கள், குற்றம்சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பிரிவு அதற்கு முன்பும் புத்தகத்தில் இருந்ததுதான். எடுத்துப் பயன்படுத்த ஒரு அதிகாரி முன்வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த அந்தக் கொடுமைக்காக ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் அங்கே போனார்கள். போன இடத்தில் ஜனங்கள் இன்னும் இரண்டு விஷயத்தைச் சொன்னார்கள், பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் விடுவதில்லை. ஆட்சியர் டீக்கடைக்கே போய்ப் பார்த்தார். வழக்குப் பதியச் சொன்னார். கோயிலைத் திறக்கச் சொல்லி ஜனங்களைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார். தொட்டி வழக்கு அதற்கப்புறம் போன பாதையைப் பற்றி எனக்கு நிறைய வருத்தம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் அந்த டீக்கடையை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்காக ஆட்சியர் வந்திருக்காவிட்டால் அந்தக் குவளை யார் கண்ணில் பட்டிருக்கும்? அந்தப் பக்கம் போகிற வருகிற அரசாங்க ஊழியர்கள் எத்தனை பேர், கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, ரோந்து போகிற போலீஸ்காரர், மீட்டர் பார்க்க வருபவர்! எல்லோரும் ஊர் டீக்கடையில்தானே டீ குடிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் குடித்தவர்களில் இரண்டு பேர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒருவரிடமும் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. குடிமை உரிமைகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டால் அவரும் குற்றத்துக்கு உடந்தை என்று சொல்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. புகாரை எழுதி வாங்குவது, படித்துக் காட்டுவது, நகல் கொடுப்பது, வழக்குப் பதிவது எல்லாம் அரசு ஊழியரின் கடமை, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேராத ஒருவர் அந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் ஆறு மாதம் முதல் ஒரு ஆண்டு வரை சிறை. நான் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று துடிக்கவில்லை. ஒரே ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு முறை இந்தப் பிரிவில் துறை விசாரணைக்குப் பரிந்துரை போனால், அடுத்த நாளே சுற்றுவட்டாரத்தில் எல்லா நிலையத்திலும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிற கை கொஞ்சம் யோசிக்கும்.

தண்டனையின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. ஊரெல்லாம் பேச்சு. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது, வேட்டியைச் சொல்லித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் ரத்து. நல்ல சட்டம், நான் முழு மனதோடு வரவேற்கிறேன், வேட்டி கட்டியவரைத் தடுப்பது அவமானம்தான். ஆனால் அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். குடிமை உரிமைகள் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 100 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய். 1976 திருத்தத்தில் போட்ட தொகை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அது மத்தியச் சட்டம், உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் ஒரு மாதத்தில் வேட்டிக்குச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது என்பதை அரசுக்கு எழுதும்போது நினைவூட்டலாம் இல்லையா?

அபராதம்தான் 500 ரூபாய், உரிமம் அப்படி இல்லை. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பாருங்கள். பொருளோ சேவையோ கொடுக்க மறுத்த குற்றத்தில் தண்டனை பெற்றவர் தொழிலுக்கு ஏதாவது உரிமம் வைத்திருந்தால், அதை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். கடைக்காரருக்கு இதுதான் உறைக்கும். இதைக் கேட்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர், அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆனால் அதற்கு எஃப்.ஐ.ஆரிலேயே இந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இருக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டம் கடுமையானது, அதனால் பழைய சட்டம் தேவையில்லை என்று நிலையங்களில் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பட்டியல் சாதிக்குள்ளேயே ஒருவரை ஒருவர் ஒதுக்குவதும் நடக்கிறது, அருந்ததியர் மக்களைக் கேட்டால் சொல்வார்கள், அங்கே வன்கொடுமைச் சட்டம் செல்லாது, பழைய சட்டம்தான் உதவும், ஏனென்றால் அது குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும் பொருந்தும்.

உரிமத்தை ரத்து செய்ய நீதிமன்றம் வேண்டும், ஆனால் வாடகை ஒப்பந்தத்துக்கு வேண்டியதில்லை. ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் சொந்தமான கடைகள் பஸ் ஸ்டாண்டு ஓரமாக எத்தனை இருக்கின்றன! ஏலம் விட்டு வாடகைக்குக் கொடுக்கிறோம், வாடகை பாக்கி, மேல்வாடகை என்று ஒப்பந்தத்தில் பத்து நிபந்தனை போடுகிறோம். யாரையும் சாதி பார்த்து நடத்தக் கூடாது, நடத்தினால் கடை திரும்பப் பெறப்படும் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை? சமுதாயக் கூடத்துக்கும் அப்படித்தான். அரசே வீட்டுக்காரராக இருக்கும் இடத்தில்கூட அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

இது கிராமத்துப் பிரச்சினை மட்டும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். அந்தச் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது அதே ஆண்டு ஜனவரியில்தான், ஆகவே மூன்று மாதத்துக்குள் அந்தச் சட்டம் அவர்களுக்குப் பயன்பட்டது, தியேட்டர் ஊழியர்கள் இரண்டு பேர் மீது வழக்குப் பதிந்தார்கள். யாரோ வீடியோ எடுத்ததால் நடந்தது அது. வீடியோ இல்லாத சித்தப்பாக்களுக்கும் நடக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. திருநர்களை விடுதியில் ஏற்காததற்கும் பொது இடத்தில் தடுப்பதற்கும் 2019 சட்டம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம் இருக்கிறது. மதத்தைச் சொல்லி ஒரு கடையில் மறுத்தால் 15(2) மீறல்தான், ஆனால் நேரடியாகத் தண்டனை சொல்லும் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை, அது பெரிய ஓட்டை. அதைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது.

உங்கள் கையில் இப்போதே இருப்பதைச் சொல்கிறேன். வன்கொடுமைச் சட்ட விதிகளின்படி மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். கூடுகிறதா, என்ன பேசியது, எத்தனை புகார், எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை எதிர் வழக்கு என்று கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள். அந்த எதிர் வழக்கு எண்ணிக்கை முக்கியம், புகார் கொடுத்தவர் மீது ஒரு மாதத்துக்குள் ஊருக்குள்ளிருந்து வரும் எந்தப் புகாரையும் டி.எஸ்.பி. பார்க்காமல் பதிய வேண்டாம் என்று எஸ்.பி.யிடம் பேசுங்கள். தீண்டாமை எங்கெங்கே இருக்கிறது என்று அவ்வப்போது கணக்கெடுக்க வேண்டும் என்பது குடிமை உரிமைகள் சட்டத்தின் 15ஏ பிரிவிலேயே இருக்கிறது. அதை நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய் எடுக்காதீர்கள். அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப்பாகத்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகிற நேரத்தில், அந்த வட்டாரத்தைச் சேராத இரண்டு இளம் ஊழியர்களை அனுப்பி ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சமாதானக் கூட்டமே கூடாதா என்று கேட்டால், கூடாது என்று சொல்லமாட்டேன். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு, நிவாரணம் கொடுத்த பிறகு, ஏழு நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்கப்புறம் ஊரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மாவு மில் திறந்திருக்க வேண்டும், வேலை கொடுப்பதை நிறுத்தக் கூடாது, மீறினால் இன்னின்ன பிரிவு என்று அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் கையெழுத்து வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

இந்த மண்ணில் இது புதுசாகக் கேட்பதும் இல்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. நாடு விடுதலை அடைவதற்கு முன்பே. எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சடித்திருக்கும், நீங்களும் தமிழ்நாட்டில் படித்திருந்தால் தினமும் பார்த்திருப்பீர்கள். மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் நான் இப்போது கேட்கிறேன். பாவம் என்று சொல்வது சாமியார்கள் வேலை, மனிதத்தன்மை பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், குற்றம் என்று பதிவு செய்வது உங்கள் நிர்வாகத்தால் மட்டும்தான் முடியும்.

ஜனவரி 30 அன்று காலை உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறீர்கள். அன்றைக்கு மதியமே கடந்த ஓராண்டில் வந்த சி.எஸ்.ஆர். ரசீதுகளை வரவழைத்து, டீக்கடை, சலூன், மண்டபம், கோயில், தண்ணீர்க் குழாய் என்று வார்த்தை வருகிற எல்லாவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள். வாய்த்தகராறு என்று எழுதியிருப்பதையும் சேர்த்து எடுங்கள்.

இதைப் படிக்கிற எங்கள் ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் 14566 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், வன்கொடுமைக்கு என்றே தேசிய அளவில் வைத்திருக்கும் இலவச உதவி எண் அது. புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

சித்தப்பா இப்போது அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து ரோட்டுக் கடையில் டீ குடிக்கிறார். ஜாடி உடைத்த வழக்குக்கு வாய்தா வாய்தாவாக நீதிமன்றம் போய் வருகிறார், போகிற நாளில் கூலி போகிறது. அவர் கொடுத்த புகாருக்கு இன்று வரை எஃப்.ஐ.ஆர். இல்லை. சி.எஸ்.ஆர். ரசீதை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார், உங்களில் யார் கேட்டாலும் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
அவருடைய அண்ணன் மகன்